பீலியில் விழாத போன்

மெர்சி,

உறையைக் கிழிப்பதற்கு முன் அதன் பின்பக்கத்தைப் பார்த்தாயா? பார்க்காவிட்டால் இப்போதாவது எடுத்துப் பார். ஒட்டிய இடத்தின் மேல் குறுக்காக என் கையெழுத்து இருக்கும். இரண்டு பாதியும் நேராகச் சேர்ந்தால் வழியில் யாரும் பிரிக்கவில்லை என்று அர்த்தம். இதைத் தோட்டத்து ஆபீஸ் தபால் பையில் போட எனக்கு மனம் வரவில்லை. லுணுகலைக்கு நானே கொண்டுபோய்த் தபால் கந்தோரில் கொடுப்பேன். கொடுத்துவிட்டு, அதைச் சரியான பைக்குள்தான் போடுகிறார்களா என்று கொஞ்ச நேரம் நின்றும் பார்ப்பேன். நீ சிரிப்பாய். சிரி. உன் அப்பாவுக்கு இருக்கிற ஒரே திறமை சந்தேகப்படுவதுதான் என்று உன் அம்மா சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.

அடுத்த மாதம் உனக்குக் கலியாணம். மாப்பிள்ளை வீட்டைப் பற்றி உனக்குச் சொல்லாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர்கள் பெண் பார்க்க வந்துபோன மறுவாரம் நான் அவர்கள் ஊரான வெலிமடைக்குப் போனேன். ஒரு கூட்டாளியைப் பார்க்கப் போவதாக உன் அம்மாவிடம் சொன்னேன். அங்கே எனக்குக் கூட்டாளி யாரும் கிடையாது. மரக்கறிச் சந்தையில் வாங்க வந்தவன் போல நின்று, உன் மாப்பிள்ளையின் லொறியைப் பற்றி, அவர் குடிப்பாரா என்பதைப் பற்றி, அவருடைய அக்கா ஏன் பிறந்த வீட்டிலேயே இருக்கிறாள் என்பதைப் பற்றி, நாலு பேரிடம் நாலு விதமாக விசாரித்தேன். எல்லாரும் நல்லவிதமாகவே சொன்னார்கள். எல்லாரும் ஒரே மாதிரிச் சொல்கிறார்களே, பேசிவைத்துக்கொண்டார்களோ என்று அதற்கும் சந்தேகம் வந்தது. சும்மா திரும்ப முடியாமல் ஐந்து கிலோ லீக்ஸ் வாங்கிக்கொண்டு வந்தேன். ஒரு வாரம் நம் வீட்டில் லீக்ஸ்தான்.

இந்தப் புத்தி எனக்கு எங்கிருந்து வந்தது என்பது உனக்குத் தெரியாததல்ல. இருபத்தாறு வருஷம் தேயிலைத் தொழிற்சாலை வாசலில் வாச்சராக நின்றவன் நான். வேலை முடிந்து போகிறவர்களின் பையைத் தொட்டுப் பார்ப்பதும், சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பார்ப்பதும், இடுப்பில் தேயிலைத் தூள் பொட்டலம் இருக்கிறதா என்று கேட்பதும்தான் என் வேலை. கேள்வி கேட்பதில் எனக்கு ஒரு முறை இருந்தது. ஒரே கேள்வியை விடாமல், குரலை உயர்த்தாமல், கொஞ்சம் கொஞ்சம் மாற்றிக் கேட்டுக்கொண்டே இருப்பேன். பின்னால் வரிசை நிற்கும். வெயிலோ மழையோ பஸ்ஸோ அவர்களை அவசரப்படுத்தும். கடைசியில் ஆள் தலையைக் குனிந்து ஒத்துக்கொள்வான். தோட்டத்துத் துரையே ஒருமுறை என் தோளைத் தட்டிப் பாராட்டினார். அந்தத் தட்டு என் தலைக்கு ஏறிவிட்டது. வேலையை விட்டு வீட்டுக்கு வந்த பிறகும் நான் வாசலை விட்டு வரவே இல்லை.

இப்போது அந்தப் போன் விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதமே அதற்காகத்தான். உனக்கு எல்லாம் தெரியும் என்று நீ நினைப்பாய். ஆனாலும் என் பக்கத்திலிருந்து முதலிலிருந்தே சொல்ல விடு.

உனக்கு மொனராகலைப் பக்கம் ஆசிரியர் நியமனம் கிடைத்தபோது, நம் லயத்து வரிசை வீடுகளில் முதல் டீச்சர் நீதான் என்று எல்லாரும் வந்து கை கொடுத்தார்கள். புதுப் பள்ளிக்கூடம், புது ஊர், கையில் நல்ல போன் இல்லாமல் எப்படி என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். உனக்குச் சம்பளம் வரத் தொடங்கியிருக்கவில்லை. அதனால் பதுளையில் ஒரு மொபைல் கம்பனிக் கிளையில் என் பெயரில் எடுத்தோம். போனும் லைனும் சேர்ந்த பெக்கேஜ், இரண்டு வருஷ ஒப்பந்தம், மாதாமாதம் பில். கவுண்டரில் இருந்த பெண் மூன்று இடத்தில் பென்சிலால் புள்ளடி போட்டுக் காட்டினாள். எழுத்து சிங்களத்தில் இருந்தது. எனக்கு அது பேச வரும், வாசிக்க வராது. நீ வாசிக்கக் கை நீட்டினாய். வாசலில் சந்தேகப்படுகிறவன் அங்கே மட்டும் பெரிய மனிதனாகிவிட்டேன். "ஆபீஸ் கடதாசில எல்லாம் சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். ஆட்களின் பையை நம்பாத நான் அச்சடித்த தாளை நம்பினேன். தோட்டத்தில் நாங்கள் அப்படித்தான் பழகியிருக்கிறோம். ஆபீஸிலிருந்து வரும் தாளில் காட்டிய இடத்தில் ஒப்பம் வைத்தே எங்கள் ஆயுள் போயிருக்கிறது.

பிறகு வீட்டுக்கு வந்து பெட்டியை உடைக்க விடவில்லை. அது உனக்கு மறந்திருக்காது. நம் வீட்டில் தையல் மிஷினாக இருந்தாலும் ரேடியோவாக இருந்தாலும், பாதர் வந்து ஆசீர்வதிக்காமல் எதையும் பாவிக்கத் தொடங்கியதில்லை. நம் தோட்டத்துக் கோயிலில் மாதத்துக்கு ஒரு பூசைதான். அந்த மாதப் பூசை முடிந்து நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. "அப்பா, ஸ்கூல்ல வாட்ஸ்அப் குரூப் எல்லாம் இருக்கு, நான் பழைய போன வெச்சிக்கிட்டு எப்படி..." என்று நீ கெஞ்சினாய். பெட்டி மாதா படத்துக்கு முன்னால் இருபத்து மூன்று நாள் ஒட்டுப் பிரிக்காமல் இருந்தது. பழுது இருந்தால் பதினான்கு நாளுக்குள் கொண்டுவந்து மாற்றிக்கொள்ளலாம் என்று அந்தச் சிங்களத் தாளில் எழுதியிருந்ததாம். அந்தப் பதினான்கு நாளும் பெட்டி மாதாவின் முன்னால்தான் கழிந்தது.

பூசை நாளில் நடந்ததை நீ பார்த்தாய். பாதர் பெட்டியின் மேல் தீர்த்தம் தெளித்துவிட்டு அடுத்த ஆளிடம் போகப் பார்த்தார். எனக்கு மனம் ஆறவில்லை. அட்டைப் பெட்டிக்கு ஆசீர்வாதம் கிடைத்து என்ன பிரயோசனம்? "கொஞ்சம் பொறுங்க பாதர்" என்று அங்கேயே ஒட்டைப் பிரித்து, போனை வெளியே எடுத்து உள்ளங்கையில் ஏந்தினேன். அவர் சிரித்துக்கொண்டே இன்னும் இரண்டு தடவை தெளித்தார். போனின் மேல் துளிகள் நின்றன. நீ முந்தானையால் துடைக்க வந்தாய். "தொடாத, அதுவா காயட்டும்" என்றேன். இந்த ஒரு நிமிஷத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள். நான் செய்த அநியாயத்துக்கு ஆரம்பம் இதுதான்.

நீ மொனராகலைக்குப் போனாய். தினமும் மாலை ஆறு மணிக்கு நான் பேசுவேன். முதலில் மழை பெய்ததா என்று கேட்பேன், பிறகு உன் அம்மாவின் கால் வலி, பிறகு சாப்பாடு. அதற்குப் பிறகு, "இப்ப எங்க இருக்க, கூட யாரு?" என்று கேட்பேன். அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் உன் குரல் நின்றுபோகும். திரும்ப எடுத்தால் போன் அணைந்திருக்கும். ஒரு நாள் அல்ல, ஒவ்வொரு நாளும். மழையைப் பற்றிக் கேட்டால் பேசுகிறாய், எங்கே இருக்கிறாய் என்று கேட்டால் லைனை அறுக்கிறாய். வாச்சருக்கு இதைவிட என்ன வேண்டும்? உன் அம்மா சிக்னல் என்றாள். "சிக்னலுக்கு என் கேள்வி வெளங்குதாக்கும்" என்று அவளை வாயடைத்தேன். அரைமணி கழித்து நீ வேறு நம்பரிலிருந்து எடுத்து, "போன் சூடாகி நின்னுருதுப்பா, பழுது போல" என்றாய். பழுதாம். தூள் பொட்டலம் பிடிபட்டவனும் அப்படித்தான், யாரோ வைத்துவிட்டார்கள் என்பான்.

ஒரு வியாழக்கிழமை சொல்லாமல் கிளம்பி, பிபிலை வழியாக பஸ் பிடித்து மொனராகலைக்கு வந்தேன். உன்னிடம் சும்மா பார்க்க வந்ததாகச் சொன்னேன். சும்மா இல்லை. உன் பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த தேத்தண்ணிக் கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, உன்னைப் பார்க்க யாராவது வருகிறார்களா என்று காவல் இருந்தேன். அந்த வெயிலில் மூன்று பிளேன்ட்டி குடித்தேன். யாரும் வரவில்லை. விறாந்தையில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை உட்காரவைத்து நீ ஏதோ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாய். ஒரு பிள்ளை உன் சேலையைப் பிடித்து இழுத்து என் பக்கம் கையைக் காட்டியது. என்னை நீ கண்ட முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. முதலில் சந்தோஷப்பட்டாய். பிறகு எதிரே கடை, மேசையில் மூன்று கோப்பை, எல்லாவற்றையும் பார்த்தாய். உன் சந்தோஷம் போய்விட்டது.

இடைவேளையில் போனை வாங்கினேன். நீ எடுத்துக் கொடுத்தாய். அதில் யாருடைய பெயர்கள் இருக்கின்றன என்று பார்த்தேன், அதையும் ஒத்துக்கொள்கிறேன். பிறகு அதிலிருந்து உன் அம்மாவுக்குக் கோல் எடுத்தேன். அவள் கத்தரிக்காய் வாங்கிய கதையைத் தொடங்கினாள். நாலாவது நிமிஷம் காது சுட்டது. அவள் குரல் நின்றது. திரை கறுத்தது. நான் அவளிடம் ஒரு கேள்வியும் கேட்டிருக்கவில்லை. என் கேள்விக்கும் போன் அறுவதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, நான் அந்தக் கேள்விக்கு வந்து சேர எனக்கு நாலு நிமிஷம் பிடிக்கிறது, அவ்வளவுதான். அங்கேயே உன்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் இந்தக் கடிதம் தேவைப்பட்டிருக்காது. ஆனால் ஒரு சந்தேகம் போன இடத்தில் எனக்கு இன்னொன்று முளைத்துவிடும். "புது போன் சும்மா கெட்டுப்போகுமா? என்ன செஞ்ச?" என்றேன்.

அந்தச் சனிக்கிழமை இருவரும் பதுளைக்குப் போனோம். அதே பெண்தான் கவுண்டரில். பதினான்கு நாள் தாண்டிவிட்டது என்றாள். இருபத்து மூன்று நாள் பெட்டியையே திறக்கவில்லை என்று சொன்னேன். "போன் வாங்கி தொறக்காம யாரு அங்கிள் வெச்சிருப்பாங்க?" என்று கேட்டாள். அவள் கண்ணில் நான் வாசலில் பார்த்த பார்வை இருந்தது, ஆனால் இந்தமுறை வரிசையில் நின்றது நான். ஆனாலும் அவள் கெட்டவள் இல்லை. போன் தயாரிப்பிலேயே பழுது என்றால் பரிசோதித்துவிட்டு ஒப்பந்தத்தையே இரத்துச் செய்யலாம், தண்ணீர் பட்டோ கீழே விழுந்தோ கெட்டிருந்தால் முடியாது, இரண்டு வருஷமும் கட்டியே ஆகவேண்டும் என்று விளங்கப்படுத்தினாள். பிறகு ஒரு படிவத்தை எடுத்துச் சாதாரணமாகக் கேட்டாள். "தண்ணி ஏதும் பட்டிச்சா?"

மெர்சி, அந்த நொடியில் எனக்கு என்ன நடந்தது என்பதை யாரிடமும் சொன்னதில்லை. என் உள்ளங்கையில் நின்ற தீர்த்தத் துளிகள் கண்முன்னே வந்தன. நான்தான் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். அதைச் சொன்னால் அந்தப் பெண் சிரிப்பாள், பின்னால் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள், பாதரின் பெயரும் கெடும். நீ வாய் திறந்து சொல்லிவிடுவாயோ என்று பயந்தேன். அதனால் உனக்கு முன்னால் நான் பேசினேன். உன் பக்கம் திரும்பி, லயத்தில் நாம் குளிக்கிற தண்ணீர்ப் பீலியைச் சொல்லி, "போன வாரம் வீட்டுக்கு வந்தப்ப பீலிக்கு எடுத்துக்கிட்டு போனியா?" என்று கேட்டேன். நீ இல்லை என்றாய். "குளிக்கிறப்ப கல்லு மேல வெச்சியா?" இல்லை. "துணி தொவைக்கிறப்ப?" இல்லை. "உண்மைய சொல்லு புள்ள, பீலித் தண்ணி தெறிச்சிச்சா, உள்ள விழுந்துச்சா?" குரலை உயர்த்தவில்லை. உயர்த்துவது என் வழக்கம் இல்லை. பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். ஒருவர் மணியைப் பார்த்தார்.

நீயும் திரும்பி அந்த வரிசையைப் பார்த்தாய். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, "ஆமா. விழுந்துச்சு" என்றாய். அவள் எழுதினாள். நீ கையெழுத்துப் போட்டாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? எனக்கு மூச்சு வந்தது. ஒப்பந்தம் கழுத்தில் விழுந்தாலும் மானம் தப்பியது என்றிருந்தது. என் மகள் போனைத் தண்ணீரில் போட்டாள் என்பது எனக்கு அவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலில் கோபம் கூட நிஜமாகவே வந்துவிட்டது. லுணுகலை வரைக்கும் பஸ்ஸில் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாய்.

அதற்குப் பிறகு நீ ஆறு மணிக்குப் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், கூட இருந்த டீச்சரின் போனிலிருந்து, அம்மாவிடம் பேசினாய். என்னிடம் "சாப்பிட்டீங்களாப்பா" என்று கேட்டு வைத்துவிடுவாய். பேசாத போனுக்கு மாதாமாதம் பில் வந்தது. உன் முதல் சம்பளத்திலிருந்து அதை நீயே கட்டினாய். நான் தடுக்கவில்லை. போட்டவள் கட்டட்டும் என்று உன் அம்மாவிடம் சொன்னதாகவும் ஞாபகம்.

ஐந்தாறு மாதம் கழித்து, வீட்டில் கிடந்த அந்தப் போனை விற்கவாவது முடியுமா என்று பதுளைக் கடைத்தெருவில் போன் திருத்துகிற ஒரு முஸ்லிம் நானாவிடம் கொண்டுபோனேன். அவர் அதைத் திறக்கவில்லை. சிம் போடுகிற சின்னத் தட்டை ஊசியால் வெளியே எடுத்து, அந்த ஓட்டைக்குள் டோர்ச் அடித்து, "உள்ளுக்கு பாருங்க. ஒரு சின்ன ஒட்டு ஈக்கி. தண்ணி பட்டா செவப்பாகும். இது வெள்ளையா ஈக்கி" என்றார். பீலியில் விழுந்த போன் என்று சொன்னேன். "பீலில இல்ல, ஒரு சொட்டுக் கூட உள்ளுக்கு போகல்ல. இது வரக்குள்ளயே பழுது. கம்பனிக்கே குடுங்க. நான் தொறந்தா எல்லாத்தயும் என் தலையில போடுவாங்க" என்று திருப்பித் தந்துவிட்டார். வந்த காசை வேண்டாம் என்கிறாரே, இதில் என்ன சூழ்ச்சி என்று எனக்கு அவர் மேலும் சந்தேகம். நாலு கடை தள்ளி இன்னொருவரிடம் காட்டினேன். அவரும் டோர்ச் அடித்து அதையே சொன்னார்.

பஸ் நிலையத்தில் வந்து உட்கார்ந்தேன். தீர்த்தம் இல்லை என்று முதலில் நிம்மதி. அடுத்த நொடியே, அப்படியென்றால் பீலியும் இல்லை. நீ ஒன்றும் செய்யவில்லை. முதல் நாளிலிருந்தே உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாய். பழுது என்றாய், பழுதுதான். பிறகு ஏன் ஆமா என்றாய் என்று நான் யோசிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. வேறு பதிலை நான் எடுத்துக்கொள்ளவே இல்லையே. அன்றைக்கு இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். தொழிற்சாலை வாசலில் என்னிடம் தலையைக் குனிந்தவர்கள் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தார்கள். சலிக்கும் அறையில் வேலை செய்த சூசை, அரைக் கிலோ தூளை எடுத்ததாக ஒத்துக்கொண்டு மூன்று நாள் வேலை இழந்தான். உண்மையாகவே எடுத்தானா, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஒத்துக்கொண்டானா? போன வாரம் கீழ் லயத்தில் அவன் வீட்டு வாசல் வரைக்கும் போனேன். உடம்பு எப்படி என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

பஸ் நிலையத்திலிருந்து எழுந்து நேரே அந்தக் கவுண்டருக்குப் போனேன். போனுக்குள் வெள்ளையாக இருந்த அந்த ஒட்டைக் காட்டினேன். அந்தப் பெண் கோப்பைத் திறந்து, "உங்க மகளே தண்ணில விழுந்துச்சுன்னு கையெழுத்து வெச்சிருக்காங்களே அங்கிள்" என்றாள். "அது பொய்" என்றேன். "அப்ப அவங்க பொய் சொன்னாங்களா?" என்று கேட்டாள். இல்லை, நான் சொல்ல வைத்தேன் என்று சொன்னேன். அதை எழுதித் தரச்சொன்னாள். மறுபடியும் ஒரு சிங்களப் படிவத்தை நீட்டினாள். இந்தமுறை நான் வாங்கவில்லை. வெள்ளைத் தாள் கேட்டு வாங்கி, தமிழில், என் கையால் எழுதினேன். போனில் தண்ணீர் பட்டதாக என் மகள் சொன்னது உண்மையல்ல, எல்லார் முன்னிலையிலும் நான் அவளைத் திரும்பத் திரும்பக் கேட்டு அப்படிச் சொல்ல வைத்தேன், தண்ணீர் தெளிக்க வைத்ததும் நான்தான், அதுவும் உள்ளே போகவில்லை, இதற்கு அவள் பொறுப்பல்ல. அந்தப் பெண் வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு உள்ளே எடுத்துக்கொண்டு போனாள். மெனேஜர் வந்து அவரும் டோர்ச் அடித்துப் பார்த்தார். போனைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். இரண்டு வாரத்தில் தகவல் வந்தது. தயாரிப்பிலேயே பழுது, ஒப்பந்தம் இரத்து, இனி பில் இல்லை, நீ கட்டியதும் திரும்பி வரும்.

வீட்டுக்கு வந்து நான் என்ன சொன்னேன் என்பது உனக்குத் தெரியும். "போட்ட போடுல கம்பனிக்காரன் ஒப்பந்தத்தையே வெட்டிட்டான்" என்று சொன்னேன். ஒட்டைப் பற்றியும் எழுதிக் கொடுத்த தாளைப் பற்றியும் மூச்சு விடவில்லை. பிறகு நம் லயத்தில் யாருக்குப் போன் பழுதென்றாலும் என்னிடம்தான் வந்தார்கள். பெட்டியை எறியாதே, பேசுகிறவரின் பெயரையும் திகதியையும் எழுதி வை, வெளிக்கடையில் திறக்க விடாதே, வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்துப் போடாதே, தமிழில் கேள் என்று நானும் புத்தி சொன்னேன். எல்லாம் சரியான புத்திதான். நீயும் கேட்டுக்கொள், உன் புது வீட்டுக்கும் நாலு ஒப்பந்தம் வரத்தான் போகிறது. ஆனால் எல்லாருக்கும் இவ்வளவு சொன்னவன், உன்னிடம் சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லவில்லை. நம் வீட்டில் நீ போனைப் பீலியில் போட்டவளாகவே இருந்தாய்.

போன மாதம் நிச்சயத்துக்கு வெலிமடைக்காரர்கள் வந்திருந்தபோது, மாப்பிள்ளை உனக்கு ஒரு போன் கொண்டுவந்தார். எல்லாரும் கைதட்டினார்கள். நான் எழுந்து, "பாத்துக் குடுங்க மாப்பிள்ள, இவ பீலியில போட்டுருவா" என்றேன். ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். உண்மை தெரியாமல் சொல்லியிருந்தால் அது பிழை. தெரிந்துகொண்டே சொன்னேன், மெர்சி. சபையில் எனக்கு ஒரு சிரிப்பு வேண்டியிருந்தது, அதற்காக உன்னை மறுபடியும் கவுண்டரின் முன்னால் நிறுத்தினேன். வெட்கமாக இருக்கிறது.

இதுவரைக்கும் நேற்று எழுதினேன். இன்று காலையில் இதை உன் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அவள் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தாள். வாசித்து முடிக்கும்வரை நிமிரவே இல்லை. அவள் ஆச்சரியப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். "எனக்குத் தெரியுங்க" என்றாள். நான் எழுதிக் கொடுத்த அன்றைக்கு மாலையே கம்பனிப் பெண் உன்னிடம் பேசினாளாம். கையெழுத்து வைத்தவள் நீ என்பதால் உன்னிடமும் கேட்டுத்தான் மாற்ற முடியுமாம். நான் எழுதியதைப் போனிலேயே உனக்கு வாசித்துக் காட்டினாளாம். "அன்னைக்கு அவ என்கிட்ட பேசி அழுதா. நான் ஒங்கள அப்பவே கேக்கப் பாத்தேன். வேணாம்மா, அப்பாவா சொல்லட்டும்னா. சொல்லுவாருன்னா. ஒன்றர வருஷமா ஒவ்வொரு தடவ வீட்டுக்கு வர்றப்பவும் என்கிட்ட கேப்பா, அப்பா ஏதாச்சும் சொன்னாரான்னு." கத்தியைக் கீழே வைத்தாள். "நிச்சயத்தன்னைக்கு நீங்க அந்தக் கதைய எடுத்தப்ப நான் எழுந்திருச்சேன். அவதான் என் கையப் புடிச்சி ஒக்கார வெச்சா."

ஆக, இந்தக் கடிதத்தில் உனக்குத் தெரியாத செய்தி ஒன்றும் இல்லை. நான் உன்னைக் காவல் காத்ததாக நினைத்துக்கொண்டிருந்த காலம் முழுவதும், நீ எனக்காகக் காத்துக்கொண்டு இருந்திருக்கிறாய். என்னை மன்னித்துக்கொள், மகளே. இதை நேரில் சொல்லும் தைரியம் எனக்கு இருந்திருக்க வேண்டும். உன் கலியாண விருந்தில், சாப்பாட்டுக்கு முன்னால், அதே வெலிமடைக்காரர்களின் முன்னால் எழுந்து, நடந்ததை நடந்தபடி சொல்லப்போகிறேன். அன்று சிரித்தவர்கள் அவர்கள்தானே. எனக்கு வாய் குழறலாம், நடுவில் நிறுத்தியும் விடலாம். அப்படி நான் நிறுத்தினால் உன் அம்மா எழுந்து மிச்சத்தைச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள். இந்தமுறை அவள் கையைப் பிடிக்காதே.

உன் அப்பா